காமாலையா? முதலில் மலத்தின் நிறத்தைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்காவது மஞ்சள் காமாலை வந்தால், ரத்தப் பரிசோதனைத் தாளோடு என் வீட்டுக்கு வருவார்கள். அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் நுட்பநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் இல்லை, மருந்தும் சொல்வதில்லை. ஆனால் தாளைக் கையில் வாங்கும் முன்பே ஒன்று கேட்பேன்: "வெளிக்குப் போறது என்ன நிறத்துல இருக்கு?" பலர் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். கவனிக்கவில்லை என்பார்கள். காமாலை வந்தவர் கண்ணாடி முன்னால் நின்று கண்ணை இழுத்து இழுத்துப் பார்க்கிறார். கழிவறையில் ஒருமுறை குனிந்து பார்ப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் கணவர் துறைமுகத்தில் லாஷிங் வேலை செய்பவர். கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் ஆடாமல் இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டும் வேலை அது. ஐம்பதைத் தாண்டிய வயது. "மூணு வாரமா கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துனு இருக்கேன்க்கா. நடுவுல கொஞ்சம் எறங்குச்சு, இப்போ திரும்ப ஏறிடுச்சு. ராவெல்லாம் சொறிஞ்சுனே இருக்காரு, தூக்கமே இல்ல" என்றாள். தெருமுனை கிளினிக்கில் ஊசியும் குளுக்கோஸும் ஏற்றியிருந்தார்கள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. வெளிக்குப் போவதைப் பற்றிக் கேட்டதும் யோசித்தாள். "வெளுத்துப் போய் களிமண்ணு நெறத்துல போவுதுக்கா. பத்தியச் சோறு துன்றதால அப்படின்னு நெனைச்சேன்." பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, புதிதாகச் சர்க்கரை வேறு இருப்பதாகச் சொல்கிறார்கள் என்றும் சொன்னாள்.

தாளைப் பார்த்தேன். மொத்த பிலிருபின் 14. அதில் 'டைரக்ட்' என்ற வரியில் மட்டும் 11.5. ஈரல் நொதிகளில் எஸ்.ஜி.பி.டி. 90 சொச்சம். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 700-ஐத் தாண்டியிருந்தது. அவள் வாய்விட்டுச் சொன்னதும் தாளில் இருந்ததும் ஒரே பக்கம்தான் கைகாட்டின. பித்தநீர் இறங்கும் பாதையில் எங்கேயோ அடைப்பு. "நாளைக்குக் காலைல வெறும் வயித்துல கூட்டினு போய் ஸ்கேன் எடு. இன்னொரு நாள் தள்ளாதே" என்று அனுப்பினேன்.

காமாலை என்றதும் எங்கள் ஊர்க்காரர்கள் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவார்கள். அதில் தப்பில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை, குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து வீடு வீடாகக் காமாலை வந்த கோடைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஹெபடைடிஸ் ஏ, ஈ என்ற வைரஸ்கள் அப்படித்தான் பரவுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஓய்வெடுத்து, நல்ல தண்ணீர் குடித்து, நன்றாகச் சாப்பிட்டால் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஈ வகை உயிருக்கே ஆபத்தாகலாம். தானாக ஆறும் அந்த நோயைப் பார்த்துப் பழகியதால்தான் எல்லாக் காமாலையும் தானாக ஆறும் என்ற நம்பிக்கை இங்கே ஊறிவிட்டது. அடைப்பினால் வரும் காமாலைக்கு அந்த விதி பொருந்தாது. அடைத்திருப்பதை எடுக்க வேண்டும். அல்லது பித்தநீருக்கு வேறு வழி செய்து கொடுக்க வேண்டும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து சிதைகின்றன. அப்படிச் சிதையும்போது மிஞ்சும் மஞ்சள் பொருள்தான் பிலிருபின். ஈரல் அதை வாங்கி, நீரில் கரையும்படி மாற்றி, பித்தநீரோடு சேர்த்து வெளியே அனுப்புகிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கும். ஈரலின் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் குழாய்கள் ஒன்றாகி, பித்தப்பையிலிருந்து வரும் குழாயையும் சேர்த்துக்கொண்டு, கணையத்தின் தலைப்பகுதிக்குள் புகுந்து, முன்சிறுகுடலில் ஒரு சிறிய காம்பு வழியாகத் திறக்கின்றன. இந்தப் பொதுப் பித்தக்குழாயின் அகலம் சாதாரணமாக 6 மில்லிமீட்டர் அளவுதான். மெயின் லைன் அடைத்துக்கொண்டால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறுவதை எங்கள் தெருக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கும் நடப்பது அதுதான். இறங்க வேண்டிய பித்தநீர் ஈரலுக்குள் தேங்கி ரத்தத்தில் ஏறுகிறது.

மலத்துக்குப் பழுப்பு நிறம் தருவதே குடலுக்குள் வந்து மாறும் பிலிருபின்தான். அது வராவிட்டால் மலம் வெளுக்கும். கொழுப்பு செரிக்காமல் பிசுபிசுப்பும் நாற்றமும் சேரும். ரத்தத்தில் ஏறிய பிலிருபின் நீரில் கரையக்கூடியது என்பதால் சிறுநீரகம் அதை வடித்துவிடும். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போகும், குலுக்கினால் நுரையும் மஞ்சளாக இருக்கும். பித்த உப்புகள் உடம்பில் தேங்கும்போது அரிப்பு எடுக்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மோசமாக அரிக்கும். இரவில் இன்னும் கூடும். கண் மஞ்சளாவதற்கு முன்பே அரிப்பு தொடங்கி, தோல் வியாதி என்று களிம்பு தடவிக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்போதுபோல் எல்லாவற்றையும் மெஷினில் வைத்து எண்ணாக வாங்குவதில்லை. சிறுநீர்மேல் கந்தகப் பொடியைத் தூவுவோம். சாதாரண சிறுநீரில் பொடி மேலேயே மிதக்கும். பித்த உப்பு இருந்தால் அடியில் இறங்கிவிடும். பேரியம் குளோரைடு சேர்த்து வடிகட்டி, வடிதாளில் ஃபூஷே கரைசலை ஒரு சொட்டு விட்டால் பச்சை நிறம் கிளம்பும். அப்படியென்றால் பிலிருபின் இருக்கிறது. இரண்டும் இருந்து, குடலில் பிலிருபின் மாறி உண்டாகும் யூரோபிலினோஜன் மட்டும் கொஞ்சமும் இல்லை என்றால் குடலுக்குள் பித்தநீர் வரவே இல்லை என்று அர்த்தம். ஏழைகளின் பைசாவில் நடந்த இந்தச் சோதனைகள் சொன்ன உண்மையைத்தான் இன்றைய தாளும் எண்களில் சொல்கிறது. ரிப்போர்ட்டில் வரும் டைரக்ட், இன்டைரக்ட் என்ற பிரிவு 1910-களில் டச்சு மருத்துவர் வான் டென் பெர்க் செய்த சோதனையிலிருந்து வந்தது. ஈரல் பக்குவப்படுத்திய பிலிருபின் 'டைரக்ட்'. மொத்தத்தில் அது பாதிக்கு மேல் இருந்து, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் உச்ச வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் போய், எஸ்.ஜி.பி.டி. மட்டும் ஓரளவே ஏறியிருந்தால் அடைப்பைத் தேட வேண்டும். வைரஸ் காமாலையில் பெரும்பாலும் நேர்மாறு: எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தையும் தாண்டும், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் அவ்வளவாக ஏறாது.

இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. சில வைரஸ் காமாலைகளிலும் நடுவில் அரிப்பும் வெளுத்த மலமும் வரும். சில மருந்துகள், குறிப்பாகச் சில ஆன்டிபயாடிக்குகளும் ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் ஸ்டீராய்டு ஊசிகளும், குழாய் அடைக்காமலே பித்தநீரை ஈரலுக்குள் நிறுத்திவிடும். கல் வந்து திடீரென்று அடைத்த முதல் நாளில் எஸ்.ஜி.பி.டி.யும் எகிறும். அதனால்தான் தாளுக்கு அடுத்தது ஸ்கேன்.

எது அடைக்கிறது? அதிகம் பார்ப்பது கல்தான். பித்தப்பையில் உருவான கல் நழுவிப் பொதுக்குழாயில் மாட்டிக்கொள்ளும். வட இந்தியாவில் கொழுப்புக் கற்கள் அதிகம். நம் பக்கத்தில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் அதிகம். ஸ்டான்லி மருத்துவமனையின் குடல்நோய்த் துறை மருத்துவர் வி. ஜெயந்தியும் அவரோடு பணியாற்றியவர்களும் 1990-களில் சென்னை நோயாளிகளிடம் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கல் அடைத்தால் வலது விலாவுக்குக் கீழே பிடித்திழுக்கும் வலி வரும். 'கேஸ்' என்று சோடா குடித்துச் சமாளித்தவர்கள் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எத்தனையோ பேர். "பித்தப்பையத்தான் எடுத்துட்டாங்களே, எனக்கு எப்படிக் கல் காமாலை வரும்?" என்று கேட்பவர்களும் உண்டு. வரலாம். பையை எடுக்கும் முன்பே ஒரு கல் குழாய்க்குள் இறங்கியிருக்கலாம். அறுவையின்போது குழாய் காயப்பட்டு, மாதங்கள் கழித்துச் சுருங்கியிருக்கலாம்.

அடுத்தது புற்று. கணையத்தின் தலையில், பித்தக்குழாயில், குழாய் குடலில் திறக்கும் காம்பில், பித்தப்பையில் என்று நான்கு இடங்களில் எதில் வளர்ந்தாலும் குழாயை நெரிக்கும். வலியில்லாமல், நாளுக்கு நாள் மஞ்சள் ஏறிக்கொண்டே போனால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். வலியில்லாத காமாலையோடு பித்தப்பை கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வீங்கியிருந்தால், காரணம் கல்லாக இருப்பது அரிது என்று சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் கூர்வாசியே 1890-இல் எழுதி வைத்தார். இன்றும் மருத்துவ மாணவர்கள் நோயாளியின் வயிற்றில் கைவைத்துத் தேடுவது அதைத்தான். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை வருவதும், காரணமில்லாமல் எடை குறைவதும் கணையத்தைப் பற்றிய எச்சரிக்கைகள். பீடி, சிகரெட் கணையப் புற்றுக்கு உறுதியான காரணங்களில் ஒன்று. நீண்டகாலக் கணைய அழற்சி, காசநோயால் வீங்கிய நெறிக்கட்டிகள், குழாய்க்குள் ஏறிவிடும் நாக்குப்பூச்சி, பிறவியிலேயே வரும் குழாய் வீக்கம் என்று காரணங்கள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மேலே தெரியும் மஞ்சள் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

நடுவில் கொஞ்சம் இறங்கியது என்று அந்தப் பெண் சொன்னாளே, அதுதான் ஆளை ஏமாற்றும் இடம். குழாய்க்குள் உள்ள கல் சற்று மேலே நகர்ந்தால் பித்தநீர் கொஞ்சம் இறங்கும். காம்பில் வளரும் புற்றின் ஒரு துணுக்கு உதிர்ந்தாலும் வழி சில நாள் திறக்கும். பிலிருபின் 14-லிருந்து 8-க்கு வரும், மலம் பழுப்பாகும், வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். அந்த வாரம் குடித்த மருந்துக்கோ அடித்த வேப்பிலைக்கோ பெயர் போய்ச் சேரும். பிறகு மறுபடி ஏறும்.

கீழாநெல்லியைப் பழித்துப் பேச எனக்கு மனமில்லை. நம் சென்னையிலேயே அதை முறையாகச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, 1988-இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பி வைரஸைச் சுமந்திருந்த 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 22 பேர் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி வாங்கிய 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் இதே பலன் கிடைக்கவில்லை. அது தனி விவாதம். ஒன்று மட்டும் தெளிவு: அங்கே சோதித்தது வைரஸுக்கு எதிராக. குழாயில் உட்கார்ந்திருக்கும் கல்லையோ கட்டியையோ எந்தச் சாறும் நகர்த்தாது. சுண்ணாம்புத் தண்ணீரில் கையைக் கழுவிக் காமாலையை 'இறக்குகிற' இடங்களுக்கும் போகிறார்கள். மாம்பட்டைச் சாறு பட்ட கை சுண்ணாம்பில் பட்டால் தண்ணீர் மஞ்சளாகும். காமாலையே இல்லாத கைக்கும் அப்படித்தான் ஆகும். கையில் சூடு போடுவது இன்னும் கொடுமை. பித்தநீர் குடலுக்கு வராதபோது வைட்டமின் கே உடம்பில் சேராது. ரத்தம் உறைவது தாமதமாகும். அந்த நிலையில் உள்ளவருக்குப் புண்ணை உண்டாக்குவது எவ்வளவு பெரிய தவறு! மருத்துவமனையில் இதற்காகவே 'புரோத்ராம்பின் டைம்' பார்த்து வைட்டமின் கே ஊசி போடுவார்கள்.

ஸ்கேன் என்று நான் சொல்வது சாதாரண அல்ட்ராசவுண்டைத்தான். ஆறேழு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்துவிட்டுப் போக வேண்டும். ஈரலுக்குள் குழாய்கள் விரிந்திருக்கின்றனவா என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும். விரிந்திருந்தால் அடைப்பு உறுதி. பித்தப்பையில் கல் இருந்தாலும் நன்றாகத் தெரியும். ஆனால் பொதுக்குழாயின் கீழ்முனை குடல் காற்றில் மறைந்துகொள்ளும். அங்கே மாட்டிய கல்லோ சிறு கட்டியோ கண்ணில் படாமல் போகலாம். எனவே "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்று மலம் வெளுத்த நிலையிலேயே வீட்டுக்குத் திரும்பி உட்காரக் கூடாது. அடுத்த படி எம்.ஆர்.சி.பி.: கத்தியில்லாமல், ஊசி மருந்துகூட இல்லாமல் பித்தக்குழாய் முழுவதையும் படமாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. கட்டி சந்தேகம் என்றால் சாயம் ஏற்றி சி.டி. எடுப்பார்கள், அது எவ்வளவு பரவியிருக்கிறது, அறுவைக்கு ஏற்றதா என்பது அதில் தெரியும். எண்டோஸ்கோபியின் நுனியிலேயே ஸ்கேன் கருவி பொருத்தி வயிற்றுக்குள்ளிருந்து பார்க்கும் முறையும் இருக்கிறது. சிறு கல்லையும் சிறு கட்டியையும் அது தவறவிடுவது குறைவு. அங்கிருந்தே ஊசியால் சதையும் எடுக்கலாம்.

இ.ஆர்.சி.பி. என்று ஒன்றை மருத்துவர் சொல்லக்கூடும். வாய் வழியாக எண்டோஸ்கோபியை முன்சிறுகுடல் வரை கொண்டுபோய், காம்பின் வழியாகப் பித்தக்குழாய்க்குள் நுழைவது. 1968-இல் அமெரிக்காவில் படம் எடுப்பதற்காகத் தொடங்கிய முறை இது. 1974-இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் காம்பைக் கீறிக் கல்லை எடுத்துக் காட்டினார்கள். வயிற்றைத் திறக்காமலே கல் வெளியே வந்தது. ஆனால் நூற்றில் சிலருக்கு இதனால் கணைய அழற்சி வரும். ஆகவே இப்போது நோயைக் கண்டுபிடிக்க மட்டும் இதைச் செய்வதில்லை. கல்லை எடுக்கவும், அடைத்த இடத்தில் பித்தநீர் இறங்கும்படி ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைக்கவுமே செய்கிறார்கள். "பார்க்கறதுக்குத்தானா, எடுக்கறதுக்கா?" என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை.

ஆய்வகத்துக்காரியாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனையைச் சிலர் தாங்களாகவே எடுத்துவிட்டு, எண் உயர்ந்திருப்பதைப் பார்த்து உடைந்துபோகிறார்கள். வெறும் கல்லடைப்பிலும் அந்த எண் ஏறும். அதை மட்டும் வைத்துப் புற்று என்று முடிவுகட்ட முடியாது.

லாஷிங் அண்ணனுக்கு ஸ்கேனில் குழாய் மேலிருந்து கீழ்வரை விரிந்திருந்தது. ஸ்டான்லிக்குப் போனார்கள். எங்கள் ஆயா காலத்தில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்தில் வளர்ந்து, 1938-இல் மருத்துவக் கல்லூரியானது. குடல், ஈரல் அறுவைக்கென்று அங்கே தனித்துறை இருக்கிறது. 2009-இல் ஈரல் மாற்று அறுவையே தொடங்கினார்கள். கப்பல் வேலையாளுக்கும் மீன் விற்கும் அம்மாவுக்கும் இந்தத் துறை பழைய ஜெயில் ரோட்டிலேயே கிடைப்பது எங்கள் பகுதியின் பெரும் பாக்கியம் என்பேன். அவருக்குக் காம்பில் புற்று. மற்ற மூன்று இடங்களோடு ஒப்பிட்டால் இது சீக்கிரமே காமாலையைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அறுவையில் முழுதாக எடுக்கும் வாய்ப்பும் அதிகம். கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி, பித்தப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தை மறுபடி இணைக்கும் விப்பிள் அறுவை நடந்தது. நெடுநேரம் பிடித்தது. எடை திரும்ப மாதங்கள் ஆயின. இப்போது கம்பி இழுப்பதில்லை. சுங்கச்சாவடிப் பக்கம் ஒரு குடோனில் காவல் வேலை பார்க்கிறார். அந்த மூன்று வாரமும் மூன்று மாதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்றால் ஏறக்குறைய மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். காமாலை போய்விட்டது, அரிப்பு நின்றுவிட்டது என்று அதையே மறந்துவிடுகிறார்கள். உள்ளே அது அடைத்துக் கிருமி ஏறி, நடுக்கத்தோடு வந்து சேர்கிறார்கள். வைத்த தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

பச்சைக் குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனசு வராது. பிறந்த குழந்தைகளில் பலருக்கு மஞ்சள் வரும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். காலை வெயில் காட்டச் சொல்வார்கள் பாட்டிமார்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை, துணியில் படும் மலம் வெளுத்திருக்கிறது என்றால் எந்த வெயிலும் உதவாது. பித்தக்குழாயே உருவாகாமல் அல்லது மூடிப்போய் இருக்கும் நோயாக இருக்கலாம். ஜப்பான் மருத்துவர் கசாய் 1950-களில் கண்ட அறுவை இதற்கு இருக்கிறது. குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் பலன் அதிகம். தாமதமானால் ஈரல் இறுகிவிடும். தைவானில் 2004 முதல் நாடு முழுக்க ஒவ்வொரு தாயின் கையிலும் மல நிறங்கள் அச்சடித்த அட்டை கொடுத்து, ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு சின்ன அட்டை. நம் பிரசவ வார்டுகளிலும் அதைக் கொடுக்க வேண்டும் என்று இதைப் படிக்கும் மருத்துவர்களையும் அதிகாரிகளையும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, குழந்தையின் துணியைத் துவைக்கும் முன் நிறத்தைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மொத்த பிலிருபினோடு நிற்காமல் டைரக்ட் பிலிருபினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

காமாலை உள்ளவருக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும், வலது மேல்வயிற்றில் வலியும் சேர்ந்துவிட்டால், தேங்கிய பித்தநீரில் கிருமி பெருகிவிட்டது என்று பொருள். இந்த மூன்றையும் சேர்த்து 1877-இல் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ எழுதினார். கூடவே பேச்சு குழறினாலோ ரத்த அழுத்தம் இறங்கினாலோ அது உயிர் போகும் நிலை. ஆன்டிபயாடிக் ஊசியோடு அடைப்பையும் அவசரமாகத் திறந்துவிட வேண்டும். இது ராத்திரி பதினோரு மணிக்கு வந்தால் பதினோரு மணிக்கே கிளம்புங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பழைய ரத்த ரிப்போர்ட், ஸ்கேன் படம், சாப்பிட்ட மாத்திரைகள், குடித்த நாட்டு மருந்து, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் மலம் எந்த நாளிலிருந்து வெளுத்தது என்பதை நீங்களாகவே சொல்லுங்கள்.